கடைசி மேட்டில் யார் வீடு

1

இந்தக் கதை ஒரு பிறந்தநாள் வீட்டில், ஒரு நாயின் காலடியில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பனை, உள்ளொளி என்றெல்லாம் பிறகு யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

எங்கள் ஊரில், அதாவது நான் வந்து குடியேறிய இந்த ஐரோப்பிய ஊரில், பிறந்தநாள் என்றால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்துகொள்வதுதான். புதிதாக வருகிறவர் வட்டத்தைச் சுற்றி வந்து ஒவ்வொருவர் கையையும் குலுக்கி வாழ்த்த வேண்டும். பிறந்தநாள்காரியை மட்டுமல்ல, அவள் மகளை, மகளின் தோழியை, பக்கத்து வீட்டுக்காரியான என்னைக்கூட. "உன் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிறந்தநாள், வாழ்த்துகள்" என்பார்கள். நானும் என்னவோ பிரசவம் பார்த்தவள் மாதிரிப் பெருமையோடு வாங்கிக்கொள்வேன். வந்த புதிதில் சிரிப்பாக இருந்தது. இப்போது யாராவது கை கொடுக்காமல் போனால் கோபம் வருகிறது.

அன்று டீனெகேக்குப் பிறந்தநாள். மாட்டுப் பண்ணைக்காரி, வாய் பெரிசு, மனசு அதைவிடக் கொஞ்சம் பெரிசு. அவளுடைய அடுத்த பண்ணைக்காரர் ஆரியும் வந்தார். இரண்டு பேருக்கும் இலையுதிர்காலத்திலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் வந்தார். இங்கே வீட்டுக்கு வீடு கழிப்பறைச் சுவரில் தொங்கும் பிறந்தநாள் காலண்டரில் ஒரு பெயர் இருந்துவிட்டால், அந்த வீட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். சண்டை அதற்கெல்லாம் விடுமுறை தராது. ஆரி வட்டத்தைச் சுற்றி வந்தார். என் கையைக் குலுக்கினார். டீனெகேயின் மகள் ஃபெம்கேயின் கையைக் குலுக்கினார். டீனெகேயின் முன்னால் வந்ததும் குனிந்து, அவள் காலடியில் படுத்திருந்த நாயைத் தட்டிக்கொடுத்து, "உன் எஜமானிக்குப் பிறந்தநாள், வாழ்த்துகள்" என்றார். பிறகு போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

எல்லோரும் சிரித்தோம், இரண்டு பேரைத் தவிர.

கேக் வெட்ட அடுக்களைக்குப் போன டீனெகேயின் பின்னாலேயே போனேன்.

"பாத்தியா சுகா? நாய்க்கு வாழ்த்துச் சொல்றான்."

"வந்தாரே, அதுவே பெரிசு."

"வராம எங்க போவான்? காலண்டர்ல பேர் இருக்கே." கத்தியை ஆப்பிள் கேக்கில் தேவைக்கு மேல் அழுத்தி இறக்கினாள். "நீ உங்க பாஷையில கதை எழுதுறவதானே? எங்க கதைய எழுது. அந்தக் கடைசி மேடு யாருக்குன்னு நீயே ஒரு முடிவு கட்டு. எங்களால முடியல, நீர் வாரியத்தாலயும் முடியல. ஆனா ஒண்ணு, எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டணும்."

சரி என்றேன். எழுதுகிறவர்கள் யாருக்கும் கொடுக்கக் கூடாத வாக்கு அது.

2

கதையை எப்படித் தொடங்குவது?

முதல் முயற்சி: ஆறு எங்கள் கூரைகளுக்கு மேலே ஓடுகிறது. கப்பல்கள் எங்கள் தலைக்கு மேலே—

(கைவிட்டேன். ஃபெம்கேயிடம் சொல்லிக் காட்டியதும், "இதுல என்ன இருக்கு? ஆறு பின்ன எங்க ஓடும்?" என்று கேட்டாள். ஆற்றைவிடத் தாழ்ந்த நிலத்தில் வளர்ந்த அவளுக்கு ஆறு என்றால் அண்ணாந்து பார்ப்பது.)

இரண்டாவது முயற்சி: ஆயிரம் ஆண்டுகளாகக் கடலையும் ஆற்றையும் வெளியே தள்ளித் தன் நிலத்தைத் தானே படைத்துக்கொண்ட ஒரு மக்கள்கூட்டம் இன்று முதன்முறையாகத் தன் கதவைத் திறந்து—

(இதுவும் வேண்டாம். மேடையில் மாலை போட்டுக்கொண்டு பேசுவது போல இருக்கிறது. ஆனாலும் இதில் பாதி உண்மை. அதனால் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.)

மூன்றாவதுதான் நின்றது.

நீர் வாரியத்திலிருந்து லோட்டெ என்ற பொறியாளர்ப் பெண் வந்தாள். சேறு ஒட்டிய செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு டீனெகேயின் அடுக்களைக்குள் நடந்து, ஜன்னலுக்கு மேலே சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"தண்ணி இதுவரைக்கும் நிக்கும்."

டீனெகே அந்தக் கையையே பார்த்தாள். அவள் கணவன் கல்யாணத்துக்கு வாங்கி மாட்டிய சுவர்க்கடிகாரம் அந்தக் கைக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. கணவன் போய்ச் சேர்ந்து ஆறேழு வருடம் ஆகிறது, கடிகாரம் இன்னும் சரியாக ஓடுகிறது.

"அப்ப கடிகாரம் முங்கிடும்."

"முங்கிடும்."

"எத்தனை நாளைக்கு ஒருதரம்?"

"நாள் கணக்கு இல்ல. இருபத்தஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் வரலாம். மழை கூடினா அதுக்கு முன்னாடியும் வரலாம்."

"அதுக்காக வீட்டையே இடிக்கணுமா?"

"ஆமா."

 டீனெகே அடுப்பின் பக்கம் திரும்பினாள்.

"காப்பி குடிக்கிறியா?"

"குடிக்கிறேன்," என்றாள் லோட்டெ.

இவர்களை எனக்குப் பிடிப்பதற்கு இந்த உரையாடல்தான் காரணம். கெட்ட செய்தியைச் சர்க்கரையில் புரட்டித் தர மாட்டார்கள். சர்க்கரையைத் தனியாகக் காப்பியோடு தருவார்கள்.*

* வாசித்துக் காட்டியபோது டீனெகே இந்த வரியைப் பிடித்துக்கொண்டாள்: "நான் சர்க்கரை போடுறதில்ல." திருத்தச் சொன்னாள். திருத்தவில்லை.

3

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டினால் வாரியத்து அறிக்கை ஆகிவிடும்.

எங்கள் தாழ்நிலத்துக்கு லாகெவார்ட் என்று பெயர் வைத்திருக்கிறேன். வரைபடத்தில் தேடாதீர்கள். ஆறு வரவர அதிகத் தண்ணீர் கொண்டுவருகிறது. கரையை உயர்த்திக்கொண்டே போவதற்கும் ஒரு எல்லை உண்டு. ஆகவே லாகெவார்டின் ஆற்றோரக் கரையைத் தணித்து, வெள்ளக் காலத்தில் ஆறு அங்கே வந்து படுத்துக்கொள்ள இடம் விடுவது என்று முடிவாயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு புல் மறுபடி முளைக்கும், மாடு மறுபடி மேயும். வீடுகள் மட்டும் நிலத்தில் நிற்க முடியாது. ஆற்றிலிருந்து தள்ளி ஊர்ப் பக்கம் இருக்கும் உள்கரையை ஒட்டி மண்மேடுகள் எழுப்பி, ஒரு மேட்டுக்கு ஒரு பண்ணை, ஒரு வீடு என்று ஏற்றிவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு மேடும் தண்ணீரின் இடத்தைக் கொஞ்சம் தின்கிறது. எனவே மேடுகள் குறைவு, பண்ணைகள் அதிகம்.

சிலர் விற்றுவிட்டுக் கனடாவுக்குப் போனார்கள். சிலர் வடக்கே போனார்கள். சிலர் மேடு வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு மேடு மிஞ்சியது. அதைக் கேட்க இரண்டு பேர் மிஞ்சினார்கள், டீனெகேயும் ஆரியும்.

டீனெகேக்கு அது மகளுக்காக வேண்டும். ஃபெம்கே விவசாயம் படித்துவிட்டு வந்து, நகரத்து வேலை எதுவும் வேண்டாம், மாடுதான் என்று நிற்கிறாள். படித்த பிள்ளை பண்ணைக்கே திரும்பி வந்ததை டீனெகே இன்னும் நம்பாமல் நம்பிக்கொண்டிருக்கிறாள். இப்போது மேடு கிடைக்காவிட்டால் அந்தப் பெண் எங்கே மாடு கட்டுவாள்? ஆரிக்கோ பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. வாரியம் எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "நான் போகமாட்டேன்." ஏன் என்று சொல்ல மாட்டார்.

வாரியம் யார் பக்கமும் சாயாது. அப்படிச் சாய்வது இந்த ஊர்ப் பழக்கம் இல்லை. அந்தக் காலத்தில் வேறு சர்ச்சுக்குப் போகிறவனும், பங்காளிச் சண்டைக்காரனும், எல்லோரும் சேர்ந்துதான் கரையைக் காக்க வேண்டியிருந்தது. ஒருவன் தன் பங்குக் கரையைக் கவனிக்காமல் விட்டால் எல்லோரும் முங்குவார்கள். அதனால் இங்கே எதையும் பேசி, பேசி, எதிராளி களைத்துப் போய் ஒத்துக்கொள்ளும்வரை பேசித்தான் முடிப்பார்கள். லோட்டெ கடைசிக் கூட்டத்தில் சொன்னது இதுதான்: "நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. வரப்போற செவ்வாய்க்கிழமைக்குள்ள வரலன்னா, அந்த மேடே போட மாட்டோம். அந்த இடமும் தண்ணிக்குத்தான்."

அதாவது, ஒத்துப் போகாவிட்டால் இரண்டு பேருமே போக வேண்டும்.

(இன்னொன்று. என் வீடு உள்கரைக்குப் பின்னால் இருக்கிறது. "உன் அடுக்களை நனையக் கூடாதுன்னுதான் என் அடுக்களைய இடிக்கிறாங்க, அதையும் எழுது" என்றாள் டீனெகே. எழுதிவிட்டேன். எழுதும்போது என் அடுக்களையில்தான் உட்கார்ந்திருந்தேன். சங்கடமாகத்தான் இருந்தது.)

டீனெகேயும் ஆரியும் எதிரிகள் என்று நினைத்துவிடாதீர்கள். தொண்ணூற்றைந்தில் ஆறு கரையின் விளிம்புவரை ஏறியபோது ஊரோடு வெளியேற்றினார்கள். டீனெகேயின் மாடுகளும் ஆரியின் மாடுகளும் ஒரே லாரியில் ஏறின. ஃபெம்கே அப்போது கைக்குழந்தை. டீனெகே லாரியின் முன்னிருக்கையில் குழந்தையோடு உட்கார, ஆரி பின்னால் மாடுகளோடு நின்றுகொண்டு போனார். கரை உடையவில்லை. எல்லோரும் திரும்பி வந்தார்கள். பத்து மணிக் காப்பிக்கு ஆரி டீனெகே வீட்டுக்கு வருவது அதற்குப் பிறகு ஒரு நாளும் நின்றதில்லை, போன இலையுதிர்காலம் வரை.

4

இனி வருவது டீனெகே எனக்குச் சொன்னது. சொன்னபடியே எழுத முயல்கிறேன்.

மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். ரோசா முப்பத்துநான்குக்குப் பேறுவலி. (டீனெகேயின் மாடுகள் எல்லாமே ரோசாதான். முதல் ரோசாவை அவள் மாமியார் வாங்கினாளாம். பெயர் யோசிக்க நேரம் செலவழிப்பது இந்த வீட்டில் வழக்கமில்லை.) கன்றின் ஒரு கால் மடங்கி உள்ளே சிக்கியிருந்தது. டீனெகே முழங்கைவரை கையை விட்டுப் பார்த்தாள். கால் அகப்பட்டது, ஆனால் திரும்பவில்லை. மாடு தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது.

இப்படிப்பட்ட நேரங்களில் ஆரியைக் கூப்பிடுவாள். ஆரியின் கை நீளம், பொறுமையும் நீளம்.

"ஆரி மாமாவைக் கூப்பிடட்டுமா?" என்றாள் ஃபெம்கே.

"வேணாம்."

"அம்மா, மாடு செத்துடும்."

"கயித்தைப் பிடிடீ. நான் சொல்றப்ப இழு. இப்ப இல்ல. இப்ப இல்லன்னு சொன்னேன்ல."

டீனெகேயின் கன்னம் மாட்டின் விலாவில் அழுந்தியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் தேடினாள். ஆரியாக இருந்தால் இந்நேரம் மாட்டிடம் ஏதாவது அசட்டுத்தனமாகப் பேசிக்கொண்டிருப்பார். அவளுக்கு அப்படிப் பேச வராது. இருந்தாலும், "கொஞ்சம் விடு கண்ணு, கொஞ்சம் விடு" என்று அவர் சொல்வதையே சொல்லிப் பார்த்தாள். கால் திரும்பியது.

"இப்ப இழு!"

கன்று வைக்கோலில் வந்து விழுந்தது. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்தார்கள். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு கத்தியது. ஃபெம்கே அழுதுகொண்டே சிரித்தாள். டீனெகே தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகளுடைய கைகளைப் பார்த்து, இந்தக் கைகளுக்கு நான் ஒரு தொழுவம் தராமல் போய்விடுவேனோ என்று பயந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம், மழையில், ஆரி நின்றுகொண்டிருந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். கன்று கத்தியது காதில் விழுந்ததும் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் நடந்தார். அவர் வந்ததும் போனதும் உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது.*

 * இந்தக் கடைசிப் பத்தி முழுக்க என் சரக்கு. டீனெகே சொன்னது தொழுவத்துக்குள் நடந்ததை மட்டும்தான். கதைக்கு, தொழுவத்துக்கு வெளியே ஒரு ஆள் தேவைப்பட்டார், நிறுத்தினேன். மழையில் நிறுத்தியதற்கு எனக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

5

வாக்குக் கொடுத்தபடி, கெடுவுக்கு முந்திய சனிக்கிழமை பத்து மணிக்கு டீனெகேயின் அடுக்களையில் வாசிப்பு. ஆரியையும் கூப்பிட்டாக வேண்டும் என்று ஃபெம்கே ஒற்றைக்காலில் நின்றாள். "அவரைப் பத்தி எழுதிட்டு அவர் இல்லாம வாசிக்கிறது நியாயமில்ல" என்று தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நியாயம் என்று சொன்னால் இந்த ஊரில் யாரும் மறுக்க முடியாது. ஆரி வந்து, தன் பழைய நாற்காலியில் உட்காராமல், வேறொன்றில் உட்கார்ந்தார்.

நான் ஏதோ நாலு பேர் உட்கார்ந்து கதை கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபெம்கே அதைக் கூட்டமாகவே ஆக்கிவிட்டாள்.

"முதல்ல வாசிப்பு. ரெண்டாவது, முடிவு பத்தி விவாதம். மூணாவது, சுற்றுக் கேள்வி."

ஒரு சிறுகதையின் முடிவைக் கூட்டம் போட்டு, எல்லோருக்கும் சம்மதமாக முடிவு செய்யலாம் என்று நினைக்கிற மக்கள் உலகத்தில் வேறெங்கும் இருக்க மாட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. காப்பி வந்தது. பிஸ்கட் டப்பா திறந்தது, ஆளுக்கு ஒன்று எடுத்தோம், இந்த ஊர் வழக்கப்படி டப்பா உடனே மூடிக்கொண்டது.

தமிழிலிருந்து அவர்கள் பேச்சுக்கு மாற்றி மாற்றி வாசித்தேன். யாரும் குறுக்கே பேசவில்லை. சர்க்கரை விவகாரம் மட்டும்தான். பிறகு நான் யோசித்து வைத்திருந்த முடிவுகளைச் சொன்னேன்.

முடிவு அ: மேடு எழும் முன்பே வெள்ளம் வருகிறது. டீனெகேயின் கன்று ஒன்றைக் காப்பாற்றப் போன ஆரி நீரில் மூழ்கி—

"என்னது?" என்றார் ஆரி. "நான் முங்கிச் சாகுறேனா?"

"கதையிலதான்."

"எனக்கு நீச்சல் தெரியும். ஸ்கூல் படிக்கிறப்பவே சட்டை, பேண்டு, ஷூவோட நீந்திக் காட்டி சான்றிதழ் வாங்கினவன் நான். அது இன்னும் அலமாரியில இருக்கு. எடுத்துட்டு வரட்டுமா?"

"ஒரு மனுஷன் சாவுறதுக்கு என் கன்னுக்குட்டிய ஏன் இழுக்குற?" என்றாள் டீனெகே.

முடிவு அ தள்ளுபடி.

முடிவு ஆ: ஆரிக்கு வெளியூரிலிருந்து ஒரு அண்ணன் மகன் வருகிறான். அவனுக்கும் ஃபெம்கேக்கும்—

"நிறுத்து, நிறுத்து," என்றாள் ஃபெம்கே. "இதை சன்னெகிட்ட யார் போய்ச் சொல்றது? நீங்களா?" சன்னெ என்பவள் ஃபெம்கேயோடு மூன்று வருடமாக வாழ்கிறவள், ஆஸ்பத்திரியில் செவிலி. பிறந்தநாள் வட்டத்தில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரியாததில்லை. கதையைக் கல்யாணத்தில் முடித்துப் பழகிய கை, தானாகப் போய்விட்டது.

முடிவு இ: டீனெகே யாருக்கும் சொல்லாமல் வாரியத்துக்குப் போய் ஆரிக்காக விலகிக்கொள்கிறாள். அதே நாளில் ஆரியும் யாருக்கும் சொல்லாமல் போய் டீனெகேக்காக விலகிக்கொள்கிறார்.

இதுதான் எனக்குப் பிடித்த முடிவு. வாசிக்கும்போது என் குரலே தழுதழுத்தது. நிமிர்ந்து பார்த்தால் மூன்று பேரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் விலகிட்டா மேட்டுல யார் இருக்கிறது?" என்றாள் டீனெகே. "மாடு மட்டுமா?"

"நான் எதுக்கு விலகுறேன்?" என்றார் ஆரி. "நான் விலகல."

"அவன் விலகமாட்டான். நானும் மாட்டேன். உண்மைய எழுது."

முடிவு இ தள்ளுபடி. கையில் வேறு முடிவு இல்லை. காப்பி ஆறிவிட்டது.

6

சுற்றுக் கேள்வி என்பது எல்லாக் கூட்டங்களின் கடைசியிலும் வருவது. தலைமை வகிப்பவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து "இன்னும் ஏதாவது?" என்று கேட்பார். அதற்குள் எல்லோருக்கும் வீட்டு ஞாபகம் வந்திருக்கும். தலையை ஆட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். வாரியத்தின் எத்தனையோ கூட்டங்களில் டீனெகேயும் ஆரியும் அப்படித்தான் தலையாட்டிவிட்டு வந்தார்கள்.

"சுகா, இன்னும் ஏதாவது?" இல்லை என்றேன்.

"அம்மா?" இல்லை.

"ஆரி மாமா?"

"ஒண்ணு கேக்கணும்." ஆரி என்னைப் பார்த்துத் திரும்பினார். "நான் வேலிகிட்ட நின்னேன்னு உனக்கு யார் சொன்னா?"

எனக்குப் புரியவில்லை. "எந்த வேலி?"

"நீ வாசிச்சியே. மழையில. கன்னுக்குட்டி பொறந்தப்ப."

"அது யாரும் சொல்லலியே. அது நானா எழுதினது."

"நீயா எழுதினதா?"

"ஆமா ஆரி. கற்பனை."

அவர் தன் சட்டைக் கையைக் குனிந்து பார்த்தார்.  இத்தனை வருடம் எழுதுகிறேன், நான் இட்டுக்கட்டிய ஒன்று எதிரே உட்கார்ந்து காப்பி குடித்ததில்லை.

"நீ நின்னியா?" என்றாள் டீனெகே. இலையுதிர்காலத்துக்குப் பிறகு அவரிடம் அவள் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"நின்னேன்."

"எதுவரைக்கும்?"

"குட்டி கத்துற வரைக்கும். மாடு மொத மொத கத்தினப்பவே வந்துட்டேன்."

"கதவு தொறந்துதானே கெடந்தது? ஏன் உள்ள வரல?"

"நீ கூப்பிடலியே."

இந்த ஊர்க்காரர்கள் மூஞ்சிக்கு நேரே உன் முடிவெட்டு நன்றாக இல்லை என்பார்கள், உன் சமையலில் உப்பில்லை என்பார்கள். மனதில் பட்டதைச் சொல்வதில் இவர்களுக்கு ஈடு கிடையாது. எனக்கு நீ வேண்டும் என்று சொல்ல மட்டும் வாய் வராது. ஒருவர் அழைக்காமல் இன்னொருவர் நுழைவதில்லை. இன்னொருவரை இதற்காகத் தொந்தரவு செய்வானேன் என்று முதலாமவர் அழைப்பதும் இல்லை.

"எத்தனை வருஷமா என் தொழுவத்துக்கு வர்ற! ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டா வந்த?"

"அப்பல்லாம் நமக்குள்ள ஒரு மேடு இல்ல."

டீனெகே எழுந்தாள், உட்கார்ந்தாள். பிறகு, எந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலிலும் இல்லாததால் இதுவரை யாருமே கேட்காத அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அந்த மேடு உனக்கு எதுக்கு ஆரி?"

"மாட்டுக்கு."

"மாட்டுக்கா?"

"பின்ன? எனக்கு டவுன்ல ஃப்ளாட் தர்றாங்களாம். ரெண்டாவது மாடி. பூத்தொட்டி வச்சுக்கலாமாம்." பூத்தொட்டி என்பதை ஒரு நோயின் பெயர் போலச் சொன்னார். "காலைல எழுந்து நான் என்ன பண்றது? பூவுக்குப் பால் கறக்கவா? பத்து மணிக்கு எங்க போறது? எனக்கு வீடெல்லாம் வேணாம் டீனெகே. சின்னதா ஒரு ரூம் போதும். காலைல மாடு இருக்கணும். கூட யாராவது சண்டை போட இருக்கணும்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அவருக்கே அது வெட்கமாகப் போய், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலில் பேசியது ஃபெம்கே. "ஆரி மாமா, எனக்கு மாடு பாக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். அம்மாவுக்கு முட்டி போயிடுச்சு. சன்னெக்கு மாட்டைக் கண்டா பயம்."

"ஒரு மேடு, ஒரு தொழுவம்," என்றாள் டீனெகே மெதுவாக. "ரெண்டு வீடு."

"விதியில இடமில்ல. ஒரு மேட்டுக்கு ஒரு வீடுதான். லோட்டெ சொன்னாளே," என்றார் ஆரி.

"லோட்டெ கெடக்கா. கதையில இடமிருக்கா?" டீனெகே என் பக்கம் திரும்பினாள். "நீ எழுதேன், பாப்போம்."

அங்கேயே எழுதினேன்: மேட்டின் மேல் இரண்டு வீடுகள் எழுந்தன. கிழக்கே பெரியது, மேற்கே—

"மேற்க வேணாம்," என்றார் ஆரி. "காத்து பூரா என் கதவுலதான் மோதும்."

"தெற்க வச்சா இவன் ஜன்னல் என் குளியலறையப் பாக்கும்."

"உன் குளியலறைய யாரு பாக்கப் போறா?"

"நீ பாக்கமாட்ட. நான் உன்னைப் பாக்கணுமே!"

ஜன்னலுக்கு ஒரு சண்டை, தொழுவத்து வாசலுக்கு ஒரு சண்டை, இரண்டு மந்தையும் சேர்ந்தால் பிறக்கும் கன்றுக்கெல்லாம் ரோசா என்றுதான் பெயரா என்பதற்கு ஒரு பெரிய சண்டை. நான் அடித்து அடித்து எழுதினேன். தாளில் வீடு அங்கும் இங்கும் நகர்ந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். நடுவில் டீனெகே, பேச்சு சுவாரசியத்தில், பிஸ்கட் டப்பாவை இரண்டாம் முறை திறந்து மேஜைமேல் வைத்தாள். இந்த நாட்டில் இதைவிடப் பெரிய சமாதான உடன்படிக்கையை நான் பார்த்ததில்லை.

7

செவ்வாய்க்கிழமை காலை எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துக்கொண்டு டீனெகேயும் ஆரியும் வாரியத்துக்குப் போனார்கள். டீனெகே முன்னால் மிதித்தாள். ஆரி அவள் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கி வந்தார். பாதி வழியில் இடம் மாறிக்கொண்டார்கள். கரையின் ஒரு பக்கம் ஆறு கலங்கலாக, நிறைவாகப் போய்க்கொண்டிருந்தது. மறு பக்கம், இன்னும் சில வருடங்களில் அது வந்து படுக்கப் போகும் புல்வெளி. டீனெகே அந்த வெளியைப் பார்த்தாள். முதன்முறையாக அவளுக்கு அங்கே வெறும் தண்ணீர் மட்டும் தெரியவில்லை. தண்ணீருக்கு மேலே ஒரு மேடு தெரிந்தது, மேட்டில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

("மேட்டில் துணி காய்ந்தது" வேண்டுமா? கொஞ்சம் இனிப்பு அதிகம். இருக்கட்டும். இந்த ஒரு இடத்தில் நான் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.)

லோட்டெ இரண்டு பேரையும் உட்காரவைத்தாள். டீனெகே சொன்னாள், ஆரி திருத்தினார், ஆரி சொன்னார், டீனெகே திருத்தினாள். லோட்டெ கடைசிவரை கேட்டாள்.

"நல்ல யோசனைதான்," என்றாள். "ஆனா ஒரு மேட்டுக்கு ஒரு குடும்பம்னுதான் இருக்கு. ரெண்டு வீடுன்னா, ரெண்டும் ஒரே குடும்பம்னு நான் மேல காட்டணும். நீங்க புருஷன் பெண்டாட்டியா?"

"சேச்சே," என்றார் ஆரி.

"கூடப் பொறந்தவங்களா?"

"இல்ல."

"கம்பெனி ஏதாவது சேர்ந்து நடத்துறீங்களா?"

"இல்ல."

"அப்ப உங்க ரெண்டு பேருக்கும் என்ன உறவுன்னு நான் எழுதுறது?"

இங்கே நிறுத்துகிறேன். நடந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை எழுதினால் இது ஒரு ஊரின் செய்தியாகிவிடும். லோட்டெ கெட்டவள் இல்லை. அவள் பின்னால் விதி இருக்கிறது, விதிக்குப் பின்னால் ஆறு இருக்கிறது. ஆறு யார் வீட்டையும் உறவு கேட்டுவிட்டு நனைப்பதில்லை. அவள் ஆம் என்றும் சொல்லலாம், மாட்டேன் என்றும் சொல்லலாம். எனக்கு என்ன ஆசை என்று இவ்வளவு நேரத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இந்த ஊரில் ஒரு ஆள் ஆசைப்பட்டு எதுவும் முடிவாவதில்லை. லோட்டெயைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவிட்டேன். அவள் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். பேனா மேஜைமேல் இருக்கிறது. எதிரே இரண்டு பேர், ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல், உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"பக்கத்து வீடு," என்றாள் டீனெகே. "அது போதாதா?"